உதவி: வேகப்படுத்தச் சொன்னார்கள், செய்தோம், இப்போது பணம் இல்லை என்கிறார்கள்

இரவுஷிப்ட்: கட்டுமான வேலையை வேகப்படுத்தச் சொல்லி வேலை கொடுத்த தரப்பிலிருந்து கடிதம் வந்தது. நைட் ஷிப்ட் போட்டோம், இன்னொரு செட் சென்டரிங் பலகை வாடகைக்கு எடுத்தோம். குறித்த தேதியில் முடித்தும் கொடுத்தாயிற்று. கூடுதல் செலவுக்கு பில் போட்டால் ‘உங்கள் பொறுப்பு’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்தப் பிரிவில் கிளெய்ம் போடுவது? அவசரம்.

அளவுப்புத்தகம்: எந்த ஒப்பந்தம்? தாமதம் யாரால்?

ஈரக்கலவை: கூடுதல் கால அவகாசம் கேட்டீர்களா? எப்போது?

இரவுஷிப்ட்: ஃபிடிக் சிவப்புப் புத்தகம், அந்தச் சர்வதேசக் கட்டுமான ஒப்பந்த மாதிரிதான். டிராயிங் ஏழு வாரம் தாமதமாக வந்தது. எல்லாருக்கும் தெரியும்.

பழையபில்: எல்லாருக்கும் தெரிந்தது சாட்சியம் ஆகாது, தம்பி. 1999 பதிப்பா, 2017ஆ? அதைச் சொல்லாமலே பிரிவு எண் வேண்டுமாம். 1999 என்றால் 8.6: நீங்களே மந்தமாகச் செய்திருந்தால் வேகப்படுத்தும் செலவு உங்கள் தலையில். அவகாசத்துக்கு உரிய காரணத்தால் வந்த தாமதம் அந்தப் பிரிவுக்குள்ளேயே வராது. 2017இல் 8.7: அப்படிப்பட்ட தாமதத்தைக் குறைக்க வேகப்படுத்தச் சொன்னால் அது வேரியேஷன், அதாவது அவர்கள் பணம் தர வேண்டிய வேலை மாற்றம். இரண்டிலும் நோட்டீஸுக்கு 28 நாள்தான்.

தூசிஹெல்மெட்: இது அப்பட்டமான கன்ஸ்ட்ரக்டிவ் ஆக்சிலரேஷன், உரிய அவகாசம் தராமல் வேகப்படுத்த வைப்பது. அவகாசம் கேட்டீர்கள், மறுத்தார்கள், பழைய தேதிக்கே முடி என்றார்கள், செலவழித்தீர்கள். ஜெயித்துவிடலாம்.

பழையபில்: கேட்டதாக அவர் எங்கே சொன்னார்? அதுவும் அமெரிக்கக் கோட்பாடு. இங்கிலாந்தில் அவ்வளவு எளிதாக எடுபடாது. அங்குள்ள கட்டுமானச் சட்டச் சங்கத்தின் தாமத வழிகாட்டியான எஸ்சிஎல் புரோட்டோகாலே, முதலில் அவகாசத் தகராறைத் தீர்த்துக்கொள் என்கிறது.

தூசிஹெல்மெட்: தீரும்வரை தாமத அபராதம் ஓடுமே, அதை யார் கட்டுவது? புரோட்டோகால் எழுதியவர்கள் சைட்டில் நின்றிருக்கிறார்களா?

பழையபில்: நான் நின்றிருக்கிறேன். அபராதமும் கட்டியிருக்கிறேன்.

அளவுப்புத்தகம்: உங்கள் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள். இரவுஷிப்ட், ராத்திரி ஆள் கணக்கு தனியாக இருக்கிறதா? பகல் மஸ்டர் ரோலிலேயே (ஆள் வருகைப் பதிவேடு) கலந்து எழுதியிருந்தால் பிரித்து நிரூபிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். பலகை வாடகைச் சீட்டு, ஜெனரேட்டர் டீசல் பில், ஒவ்வொரு டிராயிங்கும் வந்த தேதி, அதற்காக நின்ற வேலை, எல்லாம் எடுத்து வையுங்கள்.

ஈரக்கலவை: கடிதத்தின் வாசகத்தையும் அப்படியே போடுங்கள். ‘வேகப்படுத்துக’ என்பது வேறு, ‘தேதியைக் காப்பாற்றுக’ என்பது வேறு.

இரவுஷிப்ட் (மூன்று நாள் கழித்து): 1999 பதிப்பு. அவகாசம் எழுத்தில் கேட்கவில்லை, மீட்டிங்கில் சொன்னோம். மினிட்ஸில் இருக்கும் என்று நினைக்கிறேன், தேடுகிறேன்.

ஈரக்கலவை: டிராயிங் தாமதம் தெரிந்து எத்தனையாவது நாள் அந்த மீட்டிங்?