பிலிப்பைன்ஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: இங்கத்திய அரசியலைப் பேசும் முன்

"அப்பா மார்கோஸை விரட்டினீர்களே, பிறகு மகனுக்கு ஏன் ஓட்டுப் போட்டீர்கள்?" நம் ஆட்கள் பலர் வந்த கொஞ்ச நாளிலேயே ஆபீஸில் இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். அப்பா 1986இல் மக்கள் விரட்டிய சர்வாதிகாரி, மகன் 2022 தேர்தலில் ஜெயித்து ஜனாதிபதியானவர். தயவுசெய்து கேட்காதீர்கள். எதிரில் இருப்பவர் சிரித்து மழுப்பிவிடுவார். இங்கே முகத்துக்கு நேரே யாரும் கோபத்தைக் காட்ட மாட்டார்கள், ஆனால் அதற்குப் பிறகு உங்களிடம் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

அதற்குப் பதில் "உங்கள் அப்பா அம்மா எந்த மாகாணம்?" என்று கேளுங்கள். அரசியல் அதிலிருந்து தானாக வரும்.

என்னோடு மணிலாப் பகுதியில் உள்ள மகாட்டியில் வேலை பார்க்கும் ஒரு பெண், இருபத்தைந்து இருபத்தாறு வயதுதான் இருக்கும். பாட்டி வீடு இலோகோஸ் நோர்த்தே, அதாவது மார்கோஸ் குடும்பத்தின் சொந்த மாகாணம். 1972இல் அப்பா மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார், ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள், 1986 பிப்ரவரியில் மணிலாவின் எட்சா சாலையில் லட்சக்கணக்கானவர்கள் நாலு நாள் நின்று மார்கோஸை நாட்டை விட்டே போக வைத்தார்கள், இதெல்லாம் இவளுக்குப் பாடப்புத்தகத்தில் வந்தது. பாட்டிக்கோ அவர் போட்டுக் கொடுத்த ரோடுதான் நினைவு. 2022 தேர்தலில் இவள் ரோஸ் நிறச் சட்டை போட்டுக்கொண்டு மகன் மார்கோஸை எதிர்த்து நின்ற லெனி ரோப்ரெடோவுக்காக வீடு வீடாகப் போனாள், சொந்த வீட்டிலோ அத்தனை பேரும் மார்கோஸ் ஜூனியர் பக்கம். அவர் 3 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கினார், ரோப்ரெடோவுக்கு அதில் பாதி.

அவள் சொன்னதில் ஒன்று என் மனதை விட்டுப் போகவே இல்லை. "எங்கள் பக்கத்தில் இருந்தவர்கள் எதிர்ப்பக்கத்தை முட்டாள்கள் என்றார்கள். என் பாட்டி முட்டாள் இல்லை. எட்சாவுக்குப் பிறகு ஜனாதிபதி மாறினார், நிலம் வைத்திருந்த குடும்பங்கள் மாறவில்லை, பாட்டிக்கு எதுவும் வந்து சேரவில்லை. அப்புறம் பழைய காலம் பொற்காலம் என்று யாராவது வீடியோ போட்டால் நம்பத்தானே செய்வார்?" சரியான பேச்சு என்றுதான் நினைக்கிறேன். 1987 அரசியல் சாசனமே குடும்ப ஆட்சி கூடாது என்கிறது, ஆனால் அதைச் செயல்படுத்த வேண்டிய சட்டத்தை நிறைவேற்ற வேண்டிய காங்கிரஸில், அதாவது இந்த நாட்டு நாடாளுமன்றத்தில், உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அடுத்த தலைமுறை கோபப்படாமல் என்ன செய்யும்? 2025 செப்டம்பர் 21 அன்று வெள்ளத் தடுப்புத் திட்ட ஊழலை எதிர்த்து மணிலாவில் தெருவுக்கு வந்தவர்களில் இளைஞர்கள் ஏராளம். ஒவ்வொரு மழைக்கும் முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு, கட்டாமலே கட்டியதாகக் கணக்கு எழுதிய தடுப்புச் சுவர் வெறும் செய்தி இல்லை.

டாவோவில் மருத்துவம் படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகள் இதை அப்படியே அங்கே போய்ப் பேசிவிடாதீர்கள். முன்னாள் ஜனாதிபதி டுதெர்தே அங்கே இருபது வருஷத்துக்கு மேல் மேயராக இருந்தவர். 2025 மார்ச்சில் அவரைக் கைது செய்து ஹேகில் உள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள், இரண்டு மாதம் கழித்து சிறையில் இருந்தபடியே மறுபடி மேயராக ஜெயித்தார். மணிலாவின் ஏழைத் தெருக்களில் போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இருக்கிறார்கள், அவர் ஆட்சியில் அப்படிக் கொல்லப்பட்டவர்கள் அரசுக் கணக்கிலேயே ஆறாயிரத்துக்கு மேல். ஆனால் நீங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மா "இப்போது ராத்திரி பயமில்லாமல் நடக்கிறேன்" என்பார். அவரும் தான் வாழ்ந்ததைத்தான் சொல்கிறார். வாதாடாமல் கேளுங்கள்.

குடும்பம் பற்றியும் ஒரு வார்த்தை. 15ஆம் தேதியும் மாதக் கடைசியிலும் சம்பளம் வந்ததும், வீட்டுக்கு மூத்த பிள்ளைகள் பலர் முதலில் தம்பி தங்கை படிப்புக்குத்தான் பணம் அனுப்புவார்கள். மேலே சொன்ன என் மகாட்டித் தோழியின் அம்மா ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்கிறார், இவள் வளர்ந்தது பாட்டியிடம். "நன்றிக்கடன் எங்களை வளர்த்தது, அதே நன்றிக்கடன்தான் ஓட்டுப் போடும்போது கையைக் கட்டுகிறது" என்பாள், ஏனென்றால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவிய மேயரின் மகனுக்கு எதிராக யார் ஓட்டுப் போடுவது. நாம் இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. எம்ஜிஆர் கதையைச் சொல்லிப் பாருங்கள், பதிலுக்கு 1998இல் ஜனாதிபதியான நடிகர் எஸ்த்ராதாவின் கதை வரும், மதியச் சாப்பாட்டு நேரம் போதாது.

கடைசியாக ஒன்று, இதில் விளையாட வேண்டாம்: எவ்வளவு நியாயமாகப் பட்டாலும் ஊர்வலத்தில் போய் நிற்காதீர்கள், பதாகை பிடிக்காதீர்கள். வெளிநாட்டவர் போராட்டங்களில் கலந்துகொண்டால் நாடு கடத்துவோம் என்று குடியேற்றத் துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. இருபத்தேழு வருஷம் இங்கே ஏழைகளோடு வாழ்ந்த ஆஸ்திரேலியக் கன்னியாஸ்திரி பாட்ரிசியா ஃபாக்ஸ் கூட 2018இல் விசா போய் வெளியேற வேண்டி வந்தது. மாணவர் விசாவில் இருப்பவர்கள் இரண்டு மடங்கு கவனமாக இருங்கள்.