மாவுக்கட்டுக்குக் கைதட்டிவிட்டு நீதி கேட்டால் கிடைக்குமா?

நாகமலை (5 ஜூலை 2025)

மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் இறந்து ஒரு வாரம் ஆகிறது. காரில் இருந்த நகையைக் காணோம் என்று ஒரு புகார். எஃப்.ஐ.ஆர். போடும் முன்பே போலீஸ் தனிப்படை அவரைத் தூக்கிக்கொண்டு போனது. ஜூன் 28 அன்று ஆள் இல்லை. உடம்பில் 44 காயங்கள். ஊர் திரண்டது, கட்சிகள் திரண்டன. ஐந்து போலீஸ்காரர்கள் கைது, எஸ்.பி. காத்திருப்போர் பட்டியலில், வழக்கு சிபிஐக்கு. முதல்வரே அஜித்தின் அம்மாவிடம் போனில் மன்னிப்புக் கேட்டார். மக்கள் போராட்டம் வென்றது என்று நேற்று முழுக்க எழுதித் தள்ளினார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2020ல் சாத்தான்குளத்திலும் இதையேதான் பார்த்தோம். ஜெயராஜ், பென்னிக்ஸ், அப்பாவும் மகனும், போலீஸ் பிடித்துப்போய் அடித்ததில் இறந்தார்கள். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்று வழக்கு. அன்றும் கடையடைப்பு, அன்றும் சிபிஐ. அதே செப்டம்பரில் ஒன்பது போலீஸார் மேல் குற்றப்பத்திரிகை போட்டார்கள். ஐந்து வருஷம் ஆகியும் தீர்ப்பு வரவில்லை. நடுவில் 2023ல் அம்பாசமுத்திரத்தில் பிடித்துப் போனவர்களின் பல்லைப் பிடுங்கியதாக ஒரு உதவி எஸ்.பி. மேல் புகார். சஸ்பெண்ட் ஆனார், மறு வருஷமே அந்த சஸ்பென்ஷன் ரத்து. இப்போது மடப்புரம். போராடி என்ன மாறியது, யாராவது சொல்லுங்களேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். இன்று அஜித்துக்காக ஸ்டேட்டஸ் வைத்த அதே ஆட்கள், போன மாதம் போலீஸ் பிடித்த பிறகு கையில் மாவுக்கட்டோடு நின்ற ஒரு பையனின் படத்தைப் போட்டு "பாத்ரூம்ல வழுக்கிட்டாராம்" என்று சிரித்தார்கள். எந்த பாத்ரூமில் இத்தனை பேர், அதுவும் கையும் காலும் மட்டும் உடைகிற மாதிரி வழுக்கி விழுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

முத்துநகர் வியாபாரி

சார், அந்தச் சாத்தான்குளம் கடையடைப்பில் நானும் ஷட்டரை இறக்கியவன், அதனால் பேசுகிறேன். ஜூன் 22 ராத்திரி பென்னிக்ஸ் இறந்தார், 23 காலை ஜெயராஜ். முதலில் வந்த செய்தி என்ன? ஒருவருக்கு மூச்சுத்திணறல், இன்னொருவருக்குக் காய்ச்சல். நாங்கள் தெருவுக்கு வரவில்லை என்றால் அந்த வரியோடு கோப்பை மூடியிருப்பார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்தது, கோவிலுக்குப் போய் வேண்டிக்கொண்டதாலா? ஊரே கொதித்ததால்தான்.

கோவில்பட்டி மாஜிஸ்திரேட் விசாரிக்கப் போனபோது, அவரிடமே ஒரு காவலர் "உன்னால ஒண்ணும் புடுங்க முடியாது" என்றார். நீதிபதியிடமே அந்தப் பேச்சு என்றால் எங்களிடம்? அப்புறம் அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த பெண் ஏட்டு ஒருவர் வாயைத் திறந்தாரே. விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தம் இருந்தது என்று வாக்குமூலம் கொடுத்தார். வெளியே ஒரு கூட்டம் நிற்கிறது என்ற தைரியம் இல்லாமல் அந்த அம்மாள் பேசியிருப்பாரா?

ஓய்வு ஏட்டு

30 வருஷம் சர்வீஸ் போட்டவன். என்னை அடிக்க ஆள் வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அடித்தது தப்பு, கொலை கொலைதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் நீங்கள் எல்லாம் பிடிப்பது லத்தியின் நுனியை. அடிப்பிடி வேறு இடத்தில் இருக்கிறது. மாசாமாசம் க்ரைம் மீட்டிங் நடக்கும். இன்ஸ்பெக்டரை எழுப்பி நிற்கவைத்து, "எத்தனை கேஸ் டிடெக்ட், எத்தனை பவுன் ரெக்கவரி?" என்று கேட்பார்கள். பதில் இல்லை என்றால் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொள்வார். அவர் ஸ்டேஷனுக்கு வந்து எஸ்.ஐ.யிடம் காட்டுவார், எஸ்.ஐ. எங்களிடம். நாங்கள் யாரிடம் காட்டுவது? உள்ளே உட்கார்ந்திருக்கிறவனிடம்தான். கைரேகை எடுக்க, செல்போன் டவர் விவரம் வாங்க, கேமரா பதிவு பார்க்க நாள் ஆகும். அடிக்க நாள் ஆகாது.

பறிகொடுத்தவர்கள் என்ன சொல்வார்கள் தெரியுமா? நன்றாகப் படித்தவர்கள், பேங்க் மேனேஜர், வாத்தியார் எல்லாம் பாரா நிற்கிற என்னிடம் வந்து மெதுவாக, "வேலைக்காரி மேலதான் சந்தேகம் ஏட்டையா, கொஞ்சம் நல்லா விசாரிங்க" என்பார்கள். அந்த "நல்லா"வுக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாகமலை சார் மாவுக்கட்டைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு.

போராட்டம் நடந்தால் போலீசுக்குள் நடப்பது இதுதான்: கீழே இருக்கிறவன் ஜெயிலுக்கு, இல்லாவிட்டால் மூணு-பி சார்ஜ் மெமோ, அதாவது துறை விசாரணை. மேலே இருப்பவர் காத்திருப்போர் பட்டியல், ஆறு மாசத்தில் வேறு ஜில்லா.

வாய்தா

ஏட்டையா, பாதி ஒத்துக்கொள்கிறேன். மேலே இருந்து உத்தரவு வந்தது என்பது அடித்தவனுக்குத் தற்காப்பு ஆகாது. அது மட்டும்தான் தகராறு.

நான் மதுரையில் ஜூனியர் வக்கீல். யாரும் பேசாத ஒரு இடம் இருக்கிறது: ரிமாண்ட், அதாவது பிடித்தவரைச் சிறைக்கு அனுப்ப மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்குவது. ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு ஆளை மாஜிஸ்திரேட் வீட்டு வாசலுக்குக் கூட்டி வருவார்கள். அதற்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் சீட்டு வாங்கியாக வேண்டும். ஒரு தடவை நானே கூட நின்றேன். பையனை உட்காரச் சொன்னார் டாக்டர். அவன் உட்காரவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றான். "ஏன்பா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீட்டு வந்தது, காயம் எதுவும் இல்லை என்று. மாஜிஸ்திரேட்டும் "போலீஸ் அடிச்சாங்களா?" என்றார், அவன் பக்கத்தில் அதே எஸ்.ஐ. நிற்கும்போது. என்ன சொல்வான்? சாத்தான்குளத்திலும் அந்த இருவரும் டாக்டரையும் மாஜிஸ்திரேட்டையும் தாண்டித்தான் சிறைக்குப் போனார்கள். ரத்தம் நனைந்து நனைந்து லுங்கி மாற்றினார்கள், அடர்ந்த நிறத்தில் லுங்கி கொண்டுவரச் சொன்னார்கள் என்று உறவினர்கள் சொன்ன பிறகும்.

அதனால் என் கட்சி: தெருவில் கூடுவது வேண்டும், ஆனால் எதைக் கேட்டுக் கூடுகிறோம் என்பது முக்கியம். "தூக்கில் போடு" என்று கத்துகிறோம். போலீஸ் மேல் வரும் புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்று 2006லேயே பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மாநிலம் 2013ல் சட்டம் போட்டது. அந்த ஆணையத்துக்குத் தலைவர் யார்? உள்துறைச் செயலர். உறுப்பினர் டி.ஜி.பி. மாமியார் உடைத்தால் மண்குடம் என்று மாமியாரே தீர்ப்பு எழுதுகிற ஏற்பாடு! இதை மாற்று என்று ஒரு ஊர்வலம் போனதா?

முத்துநகர் வியாபாரி

ஊர்வலத்தில் "சட்டப்பிரிவைத் திருத்து" என்று கோஷம் போட்டால் பத்துப் பேர் வருவார்கள் தம்பி, பத்தும் வக்கீல்கள்.

வாய்தா

😀 சரி, ஒத்துக்கொண்டேன்.

நாகமலை

வியாபாரி அண்ணாச்சி, உங்கள் ஊர்க் கதையையே எடுங்கள். 2018 மே 22, தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர். ஆறே நாளில் ஆலையை மூட அரசாணை வந்தது. 2024ல் உச்ச நீதிமன்றமும் ஆலையை நடத்திய வேதாந்தா கம்பெனியின் அப்பீலைத் தள்ளியது. ஆலை விஷயத்தில் போராட்டம் ஜெயித்தது, மறுக்கவில்லை. சுட்டவர்கள் விஷயத்தில்? அரசு அமைத்த அருணா ஜெகதீசன் ஆணையம் நாலு வருஷம் விசாரித்து, ஓடியவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்று எழுதி, 17 போலீஸார் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அந்த 17 பேரில் ஒருவராவது ஜெயிலுக்குப் போனாரா?

கம்பெனியைப் பணிய வைக்கிற போராட்டத்தால் காக்கியை ஒன்றும் செய்ய முடியவில்லை. அதைத்தான் கேட்கிறேன்.

சித்தேரிக்காரி

வந்ததிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் போராட்டம் என்றால் ரோட்டை மறிக்கிற அந்த நாலு நாளையே சொல்கிறீர்கள். தருமபுரி மாவட்டத்தில் எங்கள் பக்கத்து ஊரான வாச்சாத்தியை ஒருவரும் சொல்லவில்லை.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்களைக் கெடுத்தார்கள், வீடுகளை நொறுக்கினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அரசு சாதித்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடவில்லை. கோர்ட்டுக்குப் போய் 1995ல் சிபிஐ விசாரணை வாங்கினார்கள். 269 பேர் குற்றவாளிக் கூண்டில். வழக்கு முடிவதற்குள் 54 பேர் செத்தே போனார்கள். 2011 செப்டம்பர் 29, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. ஒருவர்கூடத் தப்பவில்லை. அப்பீல் போனார்கள். உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் ஊருக்கே வந்து பார்த்துவிட்டு, 2023ல் தண்டனையை உறுதி செய்தார். ஏட்டையா கவனிக்க: அப்போதைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மேலும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

இந்த 31 வருஷத்தில் எத்தனை நாள் டிவியில் வந்தது? மற்ற நாளெல்லாம் என்ன நடந்தது என்றால், பஸ்ஸுக்குக் காசு சேர்ப்பது, வாய்தாவுக்குப் பெண்களைக் கூட்டிப் போவது, சாட்சி பிறழாமல் கூடவே இருப்பது. கூலி வேலையை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு மத்தியானச் சோறு. அந்தச் சோறும் போராட்டம்தான்.

ஓய்வு ஏட்டு

31 வருஷம் கழித்து எஸ்.பி. மேல் நடவடிக்கை. ஆள் எப்போதோ ரிட்டயர்டு. இதை வெற்றி என்கிறீர்களாம்மா?

சித்தேரிக்காரி

ஆமாம், வெற்றி என்கிறேன். அந்தப் பெண்கள் பொய் சொல்கிறார்கள் என்று இனி ஒருத்தரும் சொல்ல முடியாது. அதற்கு என்ன விலை என்று உங்களுக்குத் தெரியாது ஐயா.

நாகமலை

சகோதரி, உங்களுக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் உங்கள் கதையே என் சந்தேகத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. வாச்சாத்தி ஒரு முழு ஊர். ஜெயராஜுக்கு வியாபாரிகள் இருந்தார்கள். அஜித்துக்கு, யாரோ ஒரு நல்ல மனிதர் ஜன்னல் வழியாக எடுத்த வீடியோ இருந்தது. எதுவும் இல்லாதவனுக்கு?

இத்தனை நேரம் சொல்லாததைச் சொல்கிறேன். என் அக்கா மகன், இருபத்து மூன்று வயது. போன செப்டம்பரில் பைக் திருட்டு என்று பிடித்துக்கொண்டு போனார்கள். ஊர், ஸ்டேஷன் பேர் வேண்டாம். மூன்று நாள் எந்த ரெஜிஸ்தரிலும் அவன் பெயர் இல்லை. நாலாம் நாள் உண்மையான திருடன் வேறு எங்கோ மாட்டினான். டீ வாங்கிக் கொடுத்து, ஜீப்பிலேயே கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிட்டார்கள். "தம்பி தப்பா நினைச்சுக்காதே" என்றாராம் எஸ்.ஐ. இன்றைக்கும் வலது கை விரல்களை முழுசாக மடக்க முடியவில்லை அவனால். தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறான். சாகவில்லை, அதனால் போராட்டமும் இல்லை. ஊரில் பாதிப் பேர், "ஏதும் இல்லாமலா பிடிச்சிட்டுப் போவான்" என்றார்கள்.

முத்துநகர் வியாபாரி

மன்னிக்கணும் சார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அந்தத் தொனியில் பேசியிருக்க மாட்டேன்.

வாய்தா

சார், போன செப்டம்பர் என்றால் பத்து மாதம்தான் ஆகிறது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்கச் சொன்னது. பதிவை 18 மாதம் வைக்க வேண்டும், முடியாவிட்டாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. ஆகவே இன்னும் நாள் இருக்கிறது. மனித உரிமை ஆணையத்தில் இன்றே மனு போட்டு, பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். பணம் வேண்டாம், நான் எழுதித் தருகிறேன்.

ஓய்வு ஏட்டு

கேமரா ரிப்பேர் என்பார்கள். சாத்தான்குளத்தில் ஹார்ட் டிஸ்கில் இடம் கிடந்தும் தினமும் தானாக அழிகிற மாதிரி செட் பண்ணி வைத்திருந்தார்களே. ஆனாலும் போடுங்கள். ரிப்பேர் என்றால் எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் கேளுங்கள். அந்த மூன்று நாளும் ஜீப் எங்கெங்கே போனது என்று வண்டி லாக் புக்கையும் கேளுங்கள். அதைத் திருத்த மறந்துவிடுவார்கள். நான் சொன்னதாக எழுத வேண்டாம்.

நாகமலை (6 ஜூலை 2025)

எல்லாருக்கும் நன்றி. காலையில் அக்காவிடம் பேசினேன். பையன் சரி என்கிறான். அக்காதான், "விட்டது போதும்டா, அவனுக்குப் பெண் பார்த்துக்கிட்டிருக்கோம்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் மச்சானிடமும் போய்ப் பேசப் போகிறேன். வாய்தா தம்பி, உங்கள் நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்பி வையுங்கள்.