உப்புக்காற்று ஊரில் பழைய வண்டி: வேலை பார்த்து ஓட்டுவதா, மாற்றுவதா?

உச்சிப்புளியிலிருந்து:

பதினைந்து வருடம் தாண்டிய வண்டியை வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்கு வெளியூர்க்காரர்கள் சொல்லும் கணக்கு ஒன்றுதான். இன்ஜின் எப்படி, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, வேலைச் செலவு வண்டி விலையில் பாதியைத் தாண்டுகிறதா. மதுரைக்கும் திருச்சிக்கும் அது சரி. ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும், இந்தப் பக்கம் சாயல்குடி வரைக்கும் இருக்கிற நமக்கு அந்தக் கணக்கு இரண்டாவதுதான். முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டு வண்டி 2004 மாடல் குவாலிஸ், அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தேங்காய் மூட்டையும் அதில்தான், தங்கச்சியைப் பிரசவத்துக்குக் கூட்டிப் போனதும் அதில்தான். கொஞ்ச நாளாகப் புகை தள்ளியது, பாம்பன் பாலம் ஏறும்போது இழுவை இல்லை. ராமநாதபுரத்தில் காட்டினோம். ரிங், பிஸ்டன், ஹெட் வேலை, கிளட்ச் செட், டீசல் பம்ப் என்று எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்தை நெருங்கும் என்றார்கள். தங்கச்சி வீட்டுக்காரர், "மச்சான், அந்தக் காசை முன்பணமாக் கட்டிப் புது வண்டி எடுத்துரலாம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்பாவுக்கோ விற்க மனசே வரவில்லை.

இந்த இழுபறியைத் தீர்த்து வைத்தவர் எங்களுக்குப் பழக்கமான டிங்கரிங் அண்ணன். "தம்பி, இன்ஜினை எப்ப வேணாலும் பிரிச்சு மாட்டலாம். சேஸிஸ் போச்சுன்னா எதுல மாட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டு வண்டியை ரேம்ப்பில் ஏற்றச் சொன்னார். சேஸிஸ் என்பது வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டம். சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்து முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு 'டங்' என்று கேட்கும். உள்ளே அரித்த இடம் 'டொக்' என்று அமுங்கிப் போகும், துருச்செதில் முகத்தில் கொட்டும். சந்தேகப்பட்ட இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். உள்ளே இறங்கினால் அந்த இடம் காலி என்று அர்த்தம்.

அவர் நின்று பார்த்த இடங்களைச் சொல்கிறேன், எந்த வண்டிக்கும் உதவும். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் சேஸிஸோடு சேரும் இடம். ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் பிடித்திருக்கும் இடம். குறுக்கே போகும் கிராஸ் மெம்பர். பிரேக் பைப். ஜாக்கி வைக்கும் இடம். அப்புறம் ஒவ்வொரு கதவுக்கும் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சின்ன ஓட்டை. நம் ஊர் மணல் அதை அடைத்துவிடும். உள்ளே நிற்கிற தண்ணீர் கதவை உள்ளிருந்து தின்றுவிடும். வெளியே பெயிண்ட் கொப்பளிக்கும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

எங்கள் வண்டியில் சேஸிஸின் இரண்டு நீள பீமும் கனமாகவே இருந்தன. பின்னால் ஒரு கிராஸ் மெம்பர் ஓட்டையாகியிருந்தது, பிரேக் பைப் செதில் செதிலாக உரிந்தது. பின் சீட்டுக்குக் கீழே தளத் தகடு அநேகமாக இல்லை. அதற்குக் காரணம் மீன். சொந்தக்காரர்களுக்கென்று ஐஸ் பெட்டியில் நண்டும் கணவாயும் ஏற்றிக்கொண்டு போவோம். அந்த ஐஸ் உருகி வடிகிற உப்புத்தண்ணீர் வண்டித் தரையில் விரித்த மிதியடிக்கு அடியில் தங்கிவிடும். மீன் ஏற்றுகிற குடும்பங்கள் தயவுசெய்து மிதியடியைத் தூக்கிப் பாருங்கள்.

குவாலிஸ், பொலேரோ மாதிரி வண்டிகளில் சேஸிஸ் தனி, பாடி தனி. அதனால் தளத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தாலும் வண்டியின் பலம் குறையாது. "ஸ்பிரிங் பிடிக்கிற இடமும் ஸ்டீயரிங் பாக்ஸ் இடமும் போயிருந்தா நானே வித்துரச் சொல்லியிருப்பேன்" என்றார் அண்ணன். ஆகவே வேலை பார்ப்பது என்று முடிவு செய்தோம். கிராஸ் மெம்பர், தளம், பிரேக் பைப் மூன்றும் முடிந்த பிறகுதான் இன்ஜினைத் தொட விட்டோம். அது கணினி எதுவும் இல்லாத பழைய 2.4 லிட்டர் டீசல் இன்ஜின், சாமான் மதுரையில் கிடைத்தது. அப்பா இப்போது அதில்தான் தோப்புக்குப் போகிறார்.

இங்கே துரு ஏன் இவ்வளவு வேகம் என்பதையும் சொல்ல வேண்டும். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தகட்டில் படிகிற உப்பு ராத்திரி முழுக்க இதைத்தான் செய்யும். ஷெட்டில் நிற்கிற வண்டியும் தப்பாது. கழுவினால் போகும்தான், ஆனால் எதில் கழுவுவது? நம் பக்கம் பாதி போர்வெல்லில் உப்புத்தண்ணீர்தான் வருகிறது. வாட்டர் சர்வீஸுக்கு விடும் முன் அவர்கள் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். ஊருணித் தண்ணீர் எவ்வளவோ மேல். மழைக்காலத்தில் ஒதுக்குப்புறமாகப் போட்டு வைக்காமல் நல்ல மழையில் ஓட்டினாலே அடிப்பாகம் அலசிவிடும்.

தொண்டியிலிருந்து:

எங்கள் வீட்டில் முடிவு நேர்மாறாக வந்தது. அத்தா (அப்பா) வைத்திருந்தது மாருதி ஆம்னி. இன்ஜினில் ஒரு குறையும் சொல்ல முடியாது, ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். அதனாலேயே அதை மாற்றுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஆம்னிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, நண்டுக்கு ஓடே எலும்பு என்கிற மாதிரி அந்தத் தகடுதான் எல்லாம். ஸ்லைடிங் கதவு கீழே ஓடுகிற தடமும், அதை ஒட்டிய ரன்னிங் போர்டும் அரித்துவிட்டன. சீட் போல்ட்டையும் சீட் பெல்ட்டையும் பிடித்திருந்த தகடு கையால் ஆட்டினால் ஆடியது. இரண்டு பட்டறையில் காட்டினோம். ஒருவர் உடனே ஒட்டுத் தகடு வைத்துப் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார், செலவும் குறைவு. இன்னொருவர் செய்ய மாட்டேன் என்றார். "வெல்டிங் பிடிக்கக் கூட நல்ல இரும்பு மிச்சமில்ல பாய். பிள்ளைகளை ஏத்திட்டு ஈசிஆர்ல போற வண்டி இது" என்று சொன்னதை அத்தா ஏற்றுக்கொண்டார். வருமானத்தை விட்டுக்கொடுத்து உண்மை சொன்ன அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை.

காயலான் கடைக்குக் கொடுப்பவர்கள் ஒன்றை விட்டுவிடாதீர்கள். ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவை ரத்து செய்யாமல் வண்டியைக் கொடுத்தால், அந்த நம்பர் உங்கள் பெயரிலேயே சுற்றும். ஆம்னி உற்பத்தியை 2019-ல் நிறுத்திவிட்டதால் அதே வண்டிக்குப் போக வழியில்லை. ஈகோ எடுத்தோம்.

பாம்பனிலிருந்து:

இரண்டு பேர் சொன்னதும் சரி. எங்கள் தீவில் இது இன்னும் கடுமை. 1914-ல் கட்டிய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதற்கும் அரிப்புதான் காரணம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் அரிப்பைத் தாங்கும் பாலிசிலாக்சேன் பெயிண்ட்டும் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய பாலத்துக்கே அந்தக் கவனம் தேவைப்படுகிறது என்றால், நம் வண்டித் தகட்டுக்கு எவ்வளவு வேண்டும்?

மாற்றுவது என்று முடிவு செய்து பழைய வண்டி தேடுபவர்கள் கடலை விட்டுத் தள்ளியிருக்கிற ஊர் வண்டியாகப் பாருங்கள். கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருந்தாலும் பரவாயில்லை, தேனிப் பக்கத்து வண்டியின் அடித்தகடு நம் ஊரில் குறைவாக ஓடிய வண்டியைவிட நன்றாக இருக்கும். அரிச்சல்முனை ரோடு 2017-ல் திறக்கும் முன் தனுஷ்கோடிக்கு மணலிலும் கடல் தண்ணீரிலும் ஓடிய வேன்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்படி ஓடிய வண்டி புதுப் பெயிண்ட் போட்டு வந்தால் கிட்டேயே போகாதீர்கள்.

இன்னொன்று, கழிவு ஆயிலை அடியில் அடிப்பது. துருவுக்கு நல்லது என்று எல்லோரும் செய்கிறோம். அது அடியில் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை ஊதவைத்துக் கெடுத்துவிடும். அண்டர்கோட்டிங் (அடிப்பாகத்துக்கான பூச்சு) அடிப்பதானாலும் துருவைச் சுரண்டி எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே அடிக்க வேண்டும். துருவின் மேலேயே அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும்.

மறுபடி உச்சிப்புளி:

பழைய வண்டியின் பதிவைப் புதுப்பிக்கிற பேப்பர் வேலை பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். டெல்லியில் பழைய வண்டிக்குத் தடை என்று வந்த செய்தியைப் பார்த்து நம் ஊரில் அவசரமாக விற்றவர்கள் இருக்கிறார்கள். அந்த வயதுத் தடை தமிழ்நாட்டில் இல்லை. சொந்த வண்டிக்கு 15 வருடம் முடிந்ததும் படிவம் 25 கொடுத்து, வண்டியை நேரில் காட்டிப் பதிவை ஐந்து ஐந்து வருடமாக நீட்டிக்கலாம். எங்கள் வண்டிக்கு 2019-ல் ஒருமுறை, 2024-ல் ஒருமுறை எடுத்தோம். கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும்.

இன்சூரன்ஸை நம்பித் துரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள், துருவுக்கு அவர்கள் தர மாட்டார்கள். வேலை கொடுக்கும் முன் வண்டியை ரேம்ப்பில் ஏற்றி, செல்போனில் அடிப்பாகம் முழுக்க வீடியோ எடுத்து இங்கே போடுங்கள். பெயிண்ட் பளபளக்கிற படம் வேண்டாம். ஸ்பிரிங் பிடிக்கும் இடமும் ஜாக்கி வைக்கும் இடமும் தெளிவாகத் தெரிந்தால், டிங்கரிங் அண்ணனிடம் காட்டிக் கேட்டு எழுதுகிறேன்.