'ரன்' என்ற சொல்லுக்கு எங்கள் ஊர் வசனங்கள் வேண்டும்

வணக்கம் உறவுகளே. உப்புவெளியில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். 'ரன்' என்றால் ஓடு என்று மட்டுமே பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். ஒருவர் கடையை 'ரன்' பண்ணுகிறார் என்று வந்தால் திகைத்துப்போகிறார்கள், பாவம்.

தமிழிலும் ஓடு பெரிய சொல்தான். ஆறு ஓடும், படம் ஓடும், மணிக்கூடு ஓடும், நாங்கள் காரும் ஓடுவோம். இதுவரை இரண்டும் சேர்ந்தே போகின்றன. அப்புறம்தான் சிக்கல். 'ரன்' என்றால் மூக்கு வடியும், மண்ணெண்ணெய் தீர்ந்துபோகும், ஒருவர் தேர்தலில் நிற்பார், வீதி திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் போகும். ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் மிக நீண்ட விளக்கம் 'செட்' என்ற சொல்லுக்கு இருந்தது. புதிய திருத்தத்தில் 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 600க்கு மேல் பொருள்கள்.

அத்தனையும் பிள்ளைகளுக்கு வேண்டாம், அடிக்கடி வருபவை போதும். பட்டியலாகக் கொடுத்தால் மனதில் நிற்காது, தெரிந்த இடத்து வசனமாக இருந்தால் நிற்கும் என்பது என் எண்ணம். துறைமுகம், ஹோட்டல், வங்கி, மீன்பிடி என்று வேலை செய்பவர்கள், உங்கள் வேலையில் 'ரன்' வரும் வசனம் ஒன்றைத் தமிழ்ப் பொருளோடு கீழே எழுதுவீர்களா? தமிழ் எழுத்தில் எழுதினாலும் சரி.