புதுப்பிப்பு: லாஞ்ச் கண்ட்ரோல் எக்ஸ்எல் டெம்ப்ளேட் போய்ச் சேர்ந்துவிட்டது

லாஞ்ச் கண்ட்ரோல் எக்ஸ்எல் என்பது இசை மென்பொருளைக் குமிழ்களால் இயக்கும் நோவேஷன் கம்பெனியின் மிடி கருவி (மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி). என்னுடையதில் நானே அமைத்துச் சேமித்த குமிழ் அமைப்பை, அதாவது யூசர் டெம்ப்ளேட்டை, அதே மாடல் வைத்திருக்கும் நண்பனுக்கு எப்படிக் கொடுப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை முடிந்தது. பதில் போட்டவர்களுக்கு நன்றி.

நோவேஷனின் காம்போனென்ட்ஸ் மென்பொருள் வழியாக சிஸ்எக்ஸ் கோப்பாக (குறிப்பிட்ட கம்பெனிக் கருவிக்கான மிடி செய்தி) இறக்கி அனுப்பினேன். அவன் தன் பெட்டியில் காலியாக இருந்த யூசர் இடத்தில் ஏற்றிக்கொண்டான். கோப்பு ரொம்பச் சின்னது. முதல் பைட்டின் மதிப்பு 240, கடைசி பைட்டின் மதிப்பு 247, இடையில் விவரங்கள்; அவ்வளவுதான். தயாரிப்பாளர் எண்ணும் உள்ளே இருப்பதால் வேறு கம்பெனிக் கருவி அதைக் கண்டுகொள்ளாது.

ஆனால் அது பாதிதான். எந்தக் குமிழ் எந்த சேனலில் எந்த சிசி எண்ணை (மிடி கட்டுப்பாட்டுச் செய்தியின் எண்) அனுப்பும் என்பது மட்டுமே டெம்ப்ளேட்டில் இருக்கிறது. அந்த எண் ரிவெர்பைக் கூட்டுமா, ஃபில்டரைத் திருகுமா என்பதெல்லாம் ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளின் செட்டுக்குள் (அதன் திட்டக் கோப்பு) இருக்கும் சமாச்சாரம். அதனால் செட்டையும் சேர்த்தே கொடுத்தேன். அவன் பக்கம் லைவின் மிடி அமைப்பில் அந்தக் கருவிக்கு ‘ரிமோட்’ ஆன் செய்த பிறகுதான் எல்லாம் அசைந்தது.

இன்னொன்று: குமிழ்கள் நிற்கும் இடம் கோப்பில் போகாது. தொட்டவுடன் மதிப்பு சட்டென்று எகிறும். லைவில் டேக்ஓவர் மோடை ‘பிக்கப்’ என்று வைத்துவிடுங்கள்; குமிழ் இப்போதைய மதிப்பை எட்டிய பிறகுதான் மாற்றம் தொடங்கும். மேடையில் வாசிப்பவர்களுக்கு இது கட்டாயம் என்பேன்.

கோப்பு வேண்டுபவர்கள் சொல்லுங்கள், தருகிறேன்.