ரசீது இல்லாத சாமி: சுங்கை சிப்புட் வட்டார அனுபவங்கள்

ரப்பர்விதை:

"கடவுள் நம்பிக்கை உண்டு, ஆனால் கோயில், சங்கம், சமயக் கூட்டம் எதுவும் வேண்டாம்" என்பவர்கள் மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் பக்கத்தில் பெருகிவிட்டார்கள். பட்டணத்தில் படிக்கும் பிள்ளைகள் மட்டும் இப்படிச் சொன்னால் விட்டிருப்பேன். பால் மரம் வெட்டி ஓய்ந்த கிழவர்களும் அதையே சொல்கிறார்கள். நேரில் கண்டதை எழுதுங்கள். சாத்திர விளக்கம் வேண்டாம்.

முதலில் என் சின்ன மாமாவைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டு தவறாமல் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குக் காவடி எடுத்தவர். உள்ளூர்க் கோயில் ஒன்றில் இரண்டு அணிகள் நிர்வாகத்துக்கு அடித்துக்கொண்டு கதவுக்குப் பூட்டுப் போட்டபின் எந்தக் கோயிலுக்கும் போவதில்லை. கொல்லையில் துளசி மாடத்தில் சூடம் ஏற்றுவதோடு சரி. "பூட்டு அவர்களுடையது, முருகன் என்னுடையவன்" என்கிறார்.

ஐந்தாம் லயம்:

எங்கள் தோட்டத்தில் கோயில் இரண்டு விதமாக இருந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு முன்னால் மாரியம்மன். அது நிர்வாகக் கோயில். திருவிழாவுக்குச் சம்பளத்தில் பிடித்தம் உண்டு. தோட்டத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணிதான் தலைவர். திருவிழா அன்று துரைக்கு மாலை போடுவார்கள். தோட்டத்தின் எல்லையில், ஒரு மரத்தடியில் முனியாண்டி. ஒரு கல், ஒரு சூலம். அவருக்குத் தலைவரும் கிடையாது, பொருளாளரும் கிடையாது.

அப்பா முனியாண்டியின் ஆள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து வெட்டுக்குப் போகும்போது அந்த மரத்தடியில் நிற்பார். நானும் அம்மாவுக்கு உதவியாகப் பால் வடியும் மங்கு துடைக்கப் போன நாள்களில் பார்த்திருக்கிறேன். தலைவிளக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். பால்வெட்டுக் கத்தியின் முனையைக் கல்லில் ஒரு முறை தொட்டு எடுப்பார். சட்டைப் பையிலிருந்து சுருட்டை எடுத்துப் பாதியாகக் கிள்ளி, ஒரு பாதியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, மறு பாதியைத் தாமே பற்றவைத்துக்கொள்வார். மந்திரமோ பாட்டோ கிடையாது. விளக்கை மறுபடியும் நெற்றியில் கட்டிக்கொண்டு நடப்பார். அவ்வளவுதான் பூசை.

பிறகு ரப்பர் போய் எண்ணெய்ப்பனையான செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் புதுக் குடியிருப்பான தாமான் வந்தது. வீடமைப்பு நிறுவனம் ஒரே ஒரு மனையைக் கோயிலுக்கு ஒதுக்கியது. மாரியம்மனும் முனியாண்டியும் ஒரே கூரைக்கு வந்தார்கள். நிர்வாகக் குழு அமைந்தது, தமிழ்நாட்டிலிருந்து குருக்கள் வந்தார், கும்பாபிஷேகம் நடந்தது. கல்லுக்குப் பதில் மீசை முறுக்கிய சிலை. பெயரும் முனீஸ்வரர் ஆகிவிட்டது. சுருட்டு, சாராயம், கோழி எதுவும் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் பலகை. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்று இன்னொரு பலகை.

அப்பா ஒரு முறை போனார். வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். ஏன் என்று கேட்டதற்கு, "என்னோடு காட்டில் வேலை செய்தவர். இப்போது ஆபீசில் உட்கார்ந்துவிட்டார். சட்டையைக் கழற்றிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டுமாம்" என்றார். அப்புறம் வீட்டுக்குப் பின்னால் வாழைக்கு அருகே ஒரு கல் முளைத்தது. கடைசி வரைக்கும் அதுதான்.

ஆன்மிகம் வேறு, மதம் வேறு என்பதை ஏதோ படித்தவர்கள் கண்டுபிடித்த புதுச் சிந்தனைபோல் பேசும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. அவர் எதையும் பிரிக்கவில்லை. தனியாக இருந்ததைத்தான் மற்றவர்கள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

மூன்றாங்கட்டை:

ஐந்தாம் லயம் அண்ணனுக்கு வணக்கம். அப்படிப்பட்ட ஒரு கோயிலில் நெடுங்காலம் செயலாளராக இருந்தவன் நான். உங்கள் அப்பாவின் பேச்சை ரசித்தேன். மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. தோட்டத்துக் கோயில்களில் பெரும்பாலானவை கம்பெனி நிலத்தில், கம்பெனியின் வாய்ச்சொல்லை நம்பி எழுந்தவை. தோட்டம் கை மாறினால் கும்பிடுபவர்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. வீடமைப்பு நிறுவனத்தின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தால், "நீங்கள் யார், எந்த அமைப்பு?" என்பதுதான் முதல் கேள்வி. 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்படி பதிவு, கூட்டக் குறிப்பு, வங்கிக் கணக்கு, இவை இருந்தால்தான் இரண்டாவது கேள்விக்கே போக முடியும். பதிவு செய்யாத எத்தனையோ மரத்தடிச் சாமிகள் மண்வாரி இயந்திரத்துக்கு ஒரு காலைப் பொழுதில் போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சுருட்டைத் தடுத்தது எனக்கும் பிடிக்கவில்லை. ஓட்டெடுப்பில் தோற்றேன். கும்பாபிஷேகத்துக்குப் பெரிய தொகை கொடுத்தவர்கள் "சுத்தமான" கோயில் கேட்டார்கள். பணம் கொடுத்தவரின் பக்தி எப்போதும் கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கிறது. அதற்காக அமைப்பு என்றாலே அழுக்கு, தனியாகக் கும்பிட்டால் தூய்மை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். கோயிலின் மின்கட்டணத்தை யார் கட்டுவது?

இரவுப் பணி:

நான் மருத்துவமனைத் தாதி. கோயிலை விட்டதற்குக் காரணம் தத்துவம் ஒன்றும் இல்லை. திருவிழாவில் பூக்கட்டிக் கொண்டிருந்தபோது ஒரு பெரியம்மா, அத்தனை பேர் நடுவில், "நீ இன்று குளித்துச் சுத்தமாகத்தான் வந்தாயா?" என்று உரக்கக் கேட்டார். எதைக் கேட்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. கட்டிய சரத்தை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு ஒரு தியானக் குழு. டயர்க் கடைக்கு மேல்மாடியில் கூடுவார்கள். "இங்கே மதம் கிடையாது, ஆன்மிகம் மட்டும்தான்" என்றார்கள். தீட்டு என்ற பேச்சே இல்லை. அந்த ஒன்றுக்காகவே முதல் நாள் எனக்குக் கண் கலங்கியது. மூச்சுப் பயிற்சியும் நல்ல பயிற்சிதான். இரவு வேலை முடிந்து வந்தால் தூக்கம் வராமல் புரண்டவள், தூங்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நாளில் நிலைகள் வந்தன. முதல் நிலைக்கு ஒரு கட்டணம், அடுத்ததற்கு அதைவிடக் கூடுதல். மேல் நிலைக்காரர்கள் முன்வரிசையில், மற்றவர்கள் பின்னால். வெள்ளை உடை கட்டாயம் ஆனது. குருவின் படத்துக்கு மாலை வந்தது. ஒரு நாள் அவருடைய பாதுகை கோலாலம்பூரிலிருந்து காரில் வந்து இறங்கியது. வரிசையில் நின்று தொட்டுக் கும்பிட்டோம். நான் விட்டுவந்த கோயிலில் அர்ச்சனைச் சீட்டு ஐந்து வெள்ளிதான் (ரிங்கிட்) என்ற நினைப்பு எனக்கு அந்த வரிசையில் நிற்கும்போது வந்தது. சிலை இல்லை, மதம் இல்லை என்று சொல்லிக்கொண்டே ஒரு மதத்தை அவர்கள் கட்டி முடித்துவிட்டார்கள்.

குழுவை விட்டேன், மூச்சுப் பயிற்சியை விடவில்லை. அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது குழுவிலிருந்து "நல்ல அதிர்வுகள்" அனுப்புவதாகச் செய்தி வந்தது. கஞ்சிப் பாத்திரத்தோடு வீட்டுக்கு வந்தவர் அதே பெரியம்மா. எனக்கு இரவுப் பணி என்றால் அம்மாவுக்குத் துணையாகப் படுத்துக்கொண்டார். தீட்டு விஷயத்தில் அவர் கருத்து மாறவில்லை. இன்றைக்கும் அதில் எங்களுக்குச் சண்டை வருகிறது.

அணையா அடுப்பு:

தங்கை சொன்னது எல்லாக் காலத்திலும் நடப்பதுதான். 1913இல் மலாயாவுக்கு வந்து, சிரம்பான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையிலும் பிறகு ஜொகூர் பாருவிலும் வேலை பார்த்த டாக்டர் குப்புசாமி, பத்து ஆண்டில் எல்லாவற்றையும் உதறிவிட்டு இந்தியா திரும்பி ரிஷிகேசத்தில் துறவியானார். சுவாமி சிவானந்தர் அவர்தான். தனி ஆளாகப் போனவர் 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். வள்ளலார் சமயமும் மதமும் வேண்டாம் என்றே கடைசியில் உபதேசித்தார். ஆனால் 1865இல் சன்மார்க்க சங்கம், 1867இல் வடலூரில் தருமச்சாலை, 1872இல் ஞானசபை என்று அமைத்தவரும் அவரேதான். பசித்தவனுக்குச் சோறு போட வேண்டும் என்று எப்போது முடிவெடுத்தாரோ, அப்போதே அரிசிக் கணக்கு எழுத ஒருவர் தேவைப்பட்டிருப்பார். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை.

நாங்கள் சில குடும்பங்கள் மாதப் பூசத்தன்று சமைத்துப் போடுகிறோம். பதிவு இல்லை, பெயர்ப்பலகை இல்லை. வருகிறவரிடம் எந்தச் சாமி என்று கேட்பதில்லை. செம்பனைத் தோட்டத்து வங்காளதேசத் தொழிலாளிகளும் வருகிறார்கள். மூன்றாங்கட்டை கேட்ட மின்கட்டணம் எங்களுக்கும் உண்டு. அது என் வீட்டுக் கணக்கில் ஏறுகிறது. என் மனைவிக்கு அதில் சன்மார்க்கம் எதுவும் தெரியவில்லை.

குலைவெட்டி:

நான் வயதில் இளையவன். பள்ளிக்கூடச் சபைகூடலில் ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாட்டைச் சொல்லி வளர்ந்தவன். 1970இல் அறிவித்த அந்தக் கோட்பாட்டின் முதல் வரி இறைவன்மீது நம்பிக்கை வைத்தல். எந்த இறைவன் என்று அது சொல்வதில்லை. எனக்கு அது போதும் என்று நினைத்திருந்தேன். விண்ணப்பப் படிவங்களுக்கு அது போதவில்லை. ஒரு கல்லூரிப் பதிவில் மதம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். முகப்பில் இருந்தவர் என் பெயரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், இந்து என்று தாமே குறித்துவிட்டார். கோபம்கூட வரவில்லை, பின்னால் வரிசை நீளமாக நின்றது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்துக்கள் 6.1 விழுக்காடு என்றார்கள். அதில் எத்தனை பேர் இப்படிப் பெயரைப் பார்த்துக் குறிக்கப்பட்டவர்கள்?

ஐந்தாம் லயம் ஐயா, உங்கள் அப்பாவின் சுருட்டைப் படித்ததும் எங்கள் செம்பனைக் காட்டின் முனையில் இருக்கும் சிவப்பு மாடம் நினைவுக்கு வந்தது. சீனர்கள் வைத்த டத்தோ கோங், அந்த இடத்தைக் காக்கும் சாமி. சாமிக்குச் சொங்கோக் என்னும் மலாய்த் தொப்பி இருக்கும், பன்றி இறைச்சி படைக்க மாட்டார்கள். சீனர் கும்பிடும் மலாய்க்காரச் சாமிக்கு எங்கள் தமிழ் லாரி ஓட்டுநர் வெற்றிலை பாக்கும் புகையிலையும் வைத்துவிட்டுத்தான் குலை ஏற்றுவார். அவர் எந்தக் கட்டத்தில் குறி போடுவார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாங்கட்டை:

அண்ணே, கேட்பது தவறென்றால் விட்டுவிடுங்கள். அப்பாவின் காரியத்தை எப்படிச் செய்தீர்கள்?

ஐந்தாம் லயம்:

தவறில்லை. குருக்கள் வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். பழைய தோட்டத்து ஆள்கள் கூடி எடுத்தோம். தெரிந்தவர்கள் தெரிந்த பாட்டைப் பாடினார்கள். ஆனால் கொட்டகையும் நாற்காலியும் அந்தத் தாமான் கோயிலிலிருந்துதான் வந்தன. வேறு எங்கே போவது? அப்பா சந்தா கட்டாதவர் என்பதால் உறுப்பினர் அல்லாதார் வாடகை கேட்டார்கள். கொடுத்தேன், ரசீதும் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் இரண்டு நாற்காலி குறைகிறது என்று செயலாளர் போன் செய்தார். லயத்துக்காரர்கள் எல்லோரிடமும் கேட்டுவிட்டேன், இன்னும் கிடைக்கவில்லை.