பிங் போகிறது, டிசிபி இணைப்பு மட்டும் ஏற்படவில்லை: நேம்ஸ்பேஸ், வெத், மென்பொருள் ரூட்டர்

கேள்வி

வணக்கம். லினக்ஸ் கணினி ஒன்றில் ‘உள்’, ‘வெளி’ என்று இரண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்களை (தனித்தனி நெட்வொர்க் அமைப்பு கொண்ட பிரிவுகள்) உருவாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு வெத் இணையின் (கேபிள் போல இரு முனைகள் கொண்ட மெய்நிகர் இணைப்பு) ஒரு முனையை வைத்திருக்கிறேன். மறுமுனைகள் ஹோஸ்டில் உள்ளன. அவற்றில் வரும் பாக்கெட்டுகளை நான் எழுதிய ரூட்டர் நிரல் ஏஎஃப்-பாக்கெட் சாக்கெட் (பாக்கெட்டுகளை அப்படியே நிரலுக்குத் தரும் வழி) வழியாகப் படித்து, டிடிஎல் மதிப்பில் (பாக்கெட் இன்னும் எத்தனை ரூட்டர்களைக் கடக்கலாம் என்ற எண்) ஒன்றைக் குறைத்து, ஐபி தலைப்பின் செக்சத்தை (பிழையைக் கண்டறிய உதவும் சரிபார்ப்பு எண்) திருத்தி, அடுத்த முனையில் எழுதுகிறது. ‘உள்’ளின் முகவரி 10.10.1.2/30, ‘வெளி’யின் முகவரி 10.10.2.2/30. இரு திசையிலும் பிங் சீராகப் போகிறது. ஆனால் ‘உள்’ளிலிருந்து ‘வெளி’யின் 8080 போர்ட்டுக்கு இணைப்பு கேட்டால், இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட் ‘வெளி’ வரை வந்து சேர்வது டிசிபிடம்ப்பில் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் கருவி) தெரிந்தும், பதில் எதுவும் வருவதில்லை. பல ஆண்டுகளாகப் புதுப்பிக்காத பழைய கணினி ஒன்றில் இதே ஸ்கிரிப்ட் குறையின்றி ஓடுகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

மறுமொழி 1

ஹோஸ்டில் உள்ள முனைகளுக்கு ஐபி முகவரி எதுவும் இட்டிருக்கிறீர்களா? ஏஎஃப்-பாக்கெட் சாக்கெட்டுக்குக் கிடைப்பது பாக்கெட்டின் பிரதி மட்டுமே. ஹோஸ்ட் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதே பாக்கெட்டைத் தன் போக்கில் கையாளும் என்பதால், முகவரி இல்லாமல் விடுவதே நல்லது. அத்துடன், முனையை நேம்ஸ்பேஸுக்குள் நகர்த்தும்போது அதன் முகவரி அழிந்து, இன்டர்ஃபேஸும் அணைந்துவிடும். ஆகவே நகர்த்திய பிறகே முகவரி இட வேண்டும். பிங் போகிறது என்பதால் இதை ஏற்கெனவே செய்திருப்பீர்கள். ‘வெளி’க்குள் ஃபயர்வால் விதிகள் ஏதேனும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், அவை ஒவ்வொரு நேம்ஸ்பேஸுக்கும் தனித்தனி.

மறுமொழி 2

ஃபயர்வாலைவிட செக்சம் ஆஃப்லோடு (செக்சம் கணக்கிடும் வேலையை கெர்னல் நெட்வொர்க் முனையிடம் விட்டுவிடுவது) மீதுதான் எனக்குச் சந்தேகம். வெத் முனையில் அது இயல்பாகவே இயங்கும். எனவே ‘உள்’ளின் கெர்னல் டிசிபி செக்சத்தை முழுமையாகக் கணக்கிடாமல், ‘இது பின்னர் நிரப்பப்படும்’ என்ற குறிப்போடு பாக்கெட்டை அனுப்பிவிடுகிறது. பாக்கெட் கெர்னலுக்குள்ளேயே பயணித்தால் அந்தக் குறிப்பும் உடன் செல்லும், பெறுபவரும் நம்பிக்கொள்வார். உங்கள் நிரலோ வெறும் பைட்டுகளைப் படித்து வேறொரு முனையில் எழுதுகிறது; குறிப்பு வழியிலேயே தொலைந்து, அரைகுறைச் செக்சம் மட்டும் ‘வெளி’யை அடைகிறது. பிங்கின் ஐசிஎம்பி செக்சம் அனுப்பும்போதே முழுமையாகக் கணக்கிடப்படுவதால் அது தப்பிவிடுகிறது.

பழைய கணினியின் புதிருக்கும் இதில் விடை இருக்கக்கூடும். முன்பு வெத் டிரைவர், இப்படி வரும் பாக்கெட்டுகளைச் சரிபார்க்காமலேயே ‘செக்சம் சரி’ என்று முத்திரையிட்டது; கெட்டுப்போன தரவுகூடக் கன்டெய்னர்களுக்குள் (நேம்ஸ்பேஸ்களில் தனிமைப்படுத்தி ஓடும் நிரல்கள்) சென்றுவிடுகிறது என்று 2016-இன் தொடக்கத்தில் பரவலாகப் பேசப்பட்ட பிழை அது. திருத்தம் பெறாத கெர்னலில் உங்கள் நிரல் ‘வேலை செய்தது’ தற்செயல்.

டிசிபிடம்ப் காட்டும் ‘தவறான செக்சம்’ என்ற வரியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கோளாறே இல்லாத வெத் இணையிலும் அது தோன்றும். ‘வெளி’க்குள், கெர்னலின் நெட்வொர்க் எண்ணிக்கைகளைக் காட்டும் என்ஸ்டாட் கட்டளையை ஓட்டி, டிசிபி செக்சம் பிழைகளுக்கான எண்ணிக்கை கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால், நேம்ஸ்பேஸுக்குள் இருக்கும் முனையில் எத்டூல் (இன்டர்ஃபேஸ் அமைப்புகளை மாற்றும் கட்டளை) கொண்டு டிஎக்ஸ் ஆஃப்லோடை, அதாவது அனுப்பும் பக்கத்துச் செக்சம் ஆஃப்லோடை, நிறுத்துங்கள். அதோடு டிஎஸ்ஓவும் (பெரிய டிசிபி பாக்கெட்டைத் துண்டாக்கும் வேலையை முனையிடம் விடுவது) நின்றுவிடும். இல்லாவிட்டால் இணைப்பு ஏற்பட்ட பின், 64 கிலோபைட் வரை வீங்கிய பாக்கெட்டுகள் உங்கள் நிரலின் 1500 பைட் பஃபருக்கு வந்து நிற்கும்.

கேட்டவர்

சந்தேகம் சரியாக இருந்தது, நன்றி. சின் மறுபடி அனுப்பப்படும் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணிக்கை ஒன்று கூடியது. முதலில் ‘உள்’ளில் மட்டும் நிறுத்தினேன், அப்போது ‘வெளி’யிலிருந்து சின்னுக்குப் பதிலான சின்-ஆக் கிளம்பியும் இணைப்பு முழுமையாகவில்லை, ஏனெனில் அந்தப் பாக்கெட்டிலும் அதே அரைகுறைச் செக்சம். இரு பக்கமும் நிறுத்தியதும் இணைப்பு உடனே ஏற்பட்டது. நேம்ஸ்பேஸை அழித்து உருவாக்கும்போதெல்லாம் வெத் இணையும் புதிதாகப் பிறப்பதால், எத்டூல் வரிகள் இரண்டையும் முகவரி இடும் வரிகளுக்கு அடுத்தே ஸ்கிரிப்டில் சேர்த்துவிட்டேன்.